வியாழக்கிழமை சூப்

"இந்தத் தூண்ல ஸ்கோர் போர்டு மாட்டினா உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபடி டேபிள் டென்னிஸ் கேப்டன் அளவு டேப்பை இழுத்தான்.

கன்வீனர் கையில் கரண்டியோடு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள். அவற்றில் மூன்றில்தான் ஆள் இருந்தது. அந்த மூவரிலும் ஒருவர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்து, மரியாதைக்காக உட்கார்ந்தவர்.

"இன்னும் ஹால் எங்ககிட்டதான் இருக்கு" என்றான் கன்வீனர்.

"இருக்கட்டும், இருக்கட்டும். அளந்து வச்சுக்கிறேன். அளக்கிறதுல தப்பில்லையே?"

பல்கலைக்கழகக் கத்தோலிக்க மாணவர் குழுவின் வியாழக்கிழமைச் சந்திப்பு இது. மாலைத் திருப்பலிப் பூசை முடிந்ததும் சிற்றாலயத்தை ஒட்டிய இந்த ஹாலில் கூடிப் பேசி, சாப்பிட்டு, பாடிவிட்டுக் கலைவது வழக்கம். இப்போதெல்லாம் திருப்பலி முடிந்த கையோடு மாணவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடினார்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்பது கன்வீனரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவன் மண்ணியல் ஆராய்ச்சி மாணவன். நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவன் மேல் வேறு குறை சொல்ல முடியாது. அவன் நடத்தும் சந்திப்பில் முதலில் அறிமுகம்: பெயர், படிப்பு, 'நீங்கள் ஒரு செடியாக இருந்தால் எந்தச் செடி, ஏன்?' அடுத்தது புனிதர்கள் வினாடி வினா. கேள்வி சின்னது, பதிலுக்கு அவன் தரும் விளக்கம் பெரியது. பிறகு அவன் வைத்த சூப். கடைசியில் கிட்டாரோடு அவன் பாட்டு. கிட்டாரில் அவனுக்கு எல்லாக் கம்பிகளும் இன்னும் பழக்கமாகவில்லை.

ஆனால் அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க இங்கே அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை இந்த ஹாலுக்குள் எட்டிப் பார்த்தபோது முன்பின் தெரியாத ஒரு சீனியர், "சாப்பிட்டியா?" என்று கேட்டு, ஒரு கிண்ணத்தைக் கையில் திணித்தார். அதைக் குடிக்கும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தைத்தான் அவன் இத்தனை நாளாக மற்றவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். வாங்கத்தான் ஆளில்லை.

அன்று எல்லோரும், அதாவது மூவரும், போன பிறகு ஃபாதர் வந்து உட்கார்ந்தார். பல்கலைக்கழக மாணவர்களைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் பாதிரியார் அவர். முகம் வாடியிருந்தது.

"நிர்வாகத்துல சொல்லிட்டாங்கப்பா. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள கூட்டம் சேரலைன்னா, ஹாலை டேபிள் டென்னிஸுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

"நீங்க பசங்ககிட்ட சொல்லக்கூடாதா ஃபாதர்?"

"நான் சொன்னா யாரு கேக்கிறா? பிரசங்கத்துல சொன்னாக்கூட தூங்கறாங்க." ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திடீரென்று துடைப்பதை நிறுத்தினார். "ஒரே ஒரு இடத்துல மட்டும் நான் சொன்னா தட்டாம கேப்பாங்க. பாக்கலாம், பாக்கலாம்."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. கன்வீனரும் கேட்கவில்லை. அவனுக்கு ஃபாதரை வாரம் முழுக்கப் பார்க்க வேண்டிய வேலை. அதனாலேயே அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட அவனுக்குக் கூச்சம். மற்ற மாணவர்கள் புதன்கிழமை மாலையில் வரிசையில் நின்று ஃபாதரிடம் தங்கள் தப்புத்தண்டாவைச் சொல்லி, அவர் தரும் பரிகாரத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். இவன் மட்டும், தான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுப் பக்கத்து மாதா கோவிலுக்குப் போய், காது கேட்காத ஒரு வயதான பாதிரியாரிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டு வருவான்.

அடுத்த வியாழக்கிழமை கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வாசலில் புதுமுகங்கள்! எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!"

முதலில் வந்தவள் சட்டம் படிக்கும் மாணவி. எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணா, ஒரு சந்தேகம். கடைசி வரைக்கும் இருக்கணுமா, இல்ல பாதியில எழுந்து போனாலும் வந்ததா அர்த்தமா?"

"கடைசி வரைக்கும் இருந்தாத்தாம்மா நல்லா இருக்கும்."

"பாட்டுக்குமா?"

"பாட்டுதானே முக்கியம்!"

அவள் பெருமூச்சு விட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். என்ன ஆர்வம் என்று கன்வீனருக்குப் புல்லரித்தது. அவளுக்குப் பின்னால் கட்டடப் பொறியியல் படிக்கும் ஒரு பையன் வாய் நிறையக் கொட்டாவி விட்டபடி வந்தான். அன்று மாலை முழுக்க அவன் வாய் மூடவே இல்லை. கொட்டாவி என்ற பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. "நீங்கள் ஒரு செடியாக இருந்தால்?" என்று கேட்டதற்கு, "தொட்டாச்சிணுங்கி. தொட்டா உடனே படுத்துக்கலாம்" என்றான்.

பாட்டு முடிந்ததும் பின்வரிசையில் ஒருவன் சிலுவை அடையாளம் போட்டு, "முடிஞ்சுது ஆண்டவரே" என்று முணுமுணுத்தான். என்ன பக்தி!

"அக்கா, கூட்டம் வந்துடுச்சு! ஆனா யாரும் சிரிக்கவே மாட்டேங்கிறாங்க" என்றான் அன்றைக்கே அக்காவிடம். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த நோயையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"அந்த இரும்பு நாற்காலியில உக்காந்தா யாருக்குடா சிரிப்பு வரும்? நம்ம வீட்டு நாற்காலி மெத்தையெல்லாம் எடுத்துட்டுப் போ."

மறு வாரம் ஒவ்வொரு நாற்காலியிலும் மெத்தை. வந்தவர்கள் ஒவ்வொருவராக மெத்தையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வெறும் இரும்பில் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, மெத்தை சுத்தமாத்தான் இருக்கு."

"அதில்லண்ணா" என்று வக்கீல் சங்கடத்தோடு நெளிந்தாள். "சொகுசா உக்காந்தா... சரியா இருக்காது."

"அப்போ உன் சூப்தான் காரணம்" என்றாள் அக்கா. "நான் ஒரு கேக் செஞ்சு தர்றேன். மனுஷங்க சாப்பிடற மாதிரி."

அதற்கடுத்த வாரம் மேஜை நடுவில் ராஜா மாதிரி கேக் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அதை ஏக்கத்தோடு பார்த்தார்கள். பார்த்துவிட்டு சூப் பக்கம் வரிசையில் நின்றார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார்கள். ஒரு பெண் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள். "நான் போன வாரம் பாதியைச் செடிக்கு ஊத்திட்டேன்" என்று காரணமும் சொன்னாள்.

கேக் முழுசாக வீடு திரும்பியது. அக்கா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வினாடி வினாவைச் சுருக்கிப் பார்த்தான். வக்கீல் எழுந்தே விட்டாள்.

"போன வாரம் வந்தவங்களுக்கு முழுசு, இன்னைக்கு வந்தவங்களுக்குப் பாதியா? அப்புறம் எங்க மனசு உறுத்தாதா?"

அவனும் மீதிக் கேள்விகளை எடுத்தான். கொட்டாவியைப் பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டான்.

பருவ இடைத் தேர்வு முடிந்த வாரம்தான் உச்சம். நிற்க இடமில்லை! ஜன்னல் திட்டில்கூட ஆள். முக்கியமாகக் கணக்குத் துறையிலிருந்து மொத்த வகுப்பும் வந்து நின்றது. தேர்வு முடிந்த சந்தோஷம் என்று கன்வீனர் நினைத்துக்கொண்டான். சந்தோஷம் மட்டும் யார் முகத்திலும் தெரியவில்லை.

"எப்படி ஃபாதர் இது?"

"எல்லாம் ஆண்டவர் செயல்ப்பா" என்று ஃபாதர் அவன் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில் கன்வீனர் பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தான். கிட்டாரை மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தான். கால் அதில் மாட்டியது. மாட்டினால் என்ன ஆகும்? பாத்திரம் கவிழ்ந்தது. சூப், வினாடி வினாவுக்காக வைத்திருந்த லேப்டாப்பைக் குளிப்பாட்டி, கிட்டாரின் வயிற்றுக்குள் இறங்கி, தரையெல்லாம் ஆறாக ஓடி, அளவெடுக்க வந்திருந்த கேப்டனின் வெள்ளைக் காலணியில் போய் நின்றது.

சூப் இல்லை. கேள்வி இல்லை. பாட்டும் இல்லை. கன்வீனர் நடு ஹாலில் காலிப் பாத்திரத்தோடு நின்றான்.

"அப்போ இன்னைக்கு என்ன செய்யறது?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

கொட்டாவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அது வக்கீலைத் தொற்றி, அவளிடமிருந்து கணக்குத் துறைக்குப் பரவி, ஹாலே குலுங்கியது. யாரோ துடைப்பம் கொண்டுவந்தார்கள். யாரோ நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். கேப்டன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைக்க உட்கார்ந்தான். அக்கா மனமிரங்கி அன்று மறுபடி அனுப்பியிருந்த கேக்கை, "இனிமே என்ன இருக்கு" என்று வக்கீலே வெட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை, பேராசிரியர் கதை, யாருக்கு யார் மேல் கண் என்ற கதை. எட்டிப் பார்த்த ஃபாதருக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

சிரிப்பு கிளம்பியதுமே வெளியே போய்விட்ட கன்வீனர் இதில் எதையும் பார்க்கவில்லை. அவன் தாழ்வாரத்துக் குழாயடியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அங்கே வக்கீல் போனோடு வந்தாள். அவனைக் கவனிக்கவில்லை.

"அம்மா, இன்னையோட முடிஞ்சுதும்மா. இனிமே நான் இங்க வரவேண்டிய கட்டாயமே இல்ல. அப்பாடா!"

கன்வீனரின் கை நின்றது. அதற்கு மேல் அவள் பேசியதைக் கேட்க அவன் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கொண்டான். இத்தனை நாளும் தலையைக் குனிந்துகொண்டு வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு குடித்ததும் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பாவம், போனால் போகட்டும் என்று தனக்காக வந்திருக்கிறார்கள்.

மறு புதன்கிழமை ஃபாதரிடம் சாவியை நீட்டினான். "ஹாலை டேபிள் டென்னிஸுக்கே கொடுத்துடுங்க ஃபாதர். யாரையும் கட்டாயப்படுத்தி உக்கார வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல."

ஃபாதரின் முகம் வெளிறியது. "கட்டாயமா? இல்லப்பா! அதை நான் போன வாரத்தோட நிறுத்திட்டேனே!"

"எதை?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல." கண்ணாடியைத் துடைக்கத் தேடினார். அது அவர் மூக்கிலேயே இருந்தது. "நாளைக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பாரு. யாரும் வரலைன்னா கேப்டன்கிட்டயே சாவியைக் கொடுத்துடு. நான் தடுக்கல."

வியாழக்கிழமை நல்ல மழை. கன்வீனர் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினான். சூப் வைக்கவில்லை. கிட்டாரை எடுக்கவில்லை. சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேப்டனிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி தாழ்வாரம் திரும்பினான்.

பூட்டிய கதவுக்கு முன்னால் அத்தனை பேரும் இருந்தார்கள். படியில், தரையில், நனைந்த குடைகளுக்கு நடுவில். வக்கீல் வீட்டிலிருந்து சொந்தக் கிண்ணமே கொண்டுவந்திருந்தாள். கணக்குத் துறைப் பையன் ஒருவன் மடியில் கன்வீனரின் கிட்டார் மாதிரியே ஒன்று, சூப் படாதது. கேப்டன்கூட வந்திருந்தான். கையில் டேப் இல்லை. ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தது.

"வந்துட்டாரு, வந்துட்டாரு!"

கன்வீனருக்குத் தாங்கவில்லை. அடைத்து வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

"எதுக்கு வந்தீங்க? யாரு உங்களை வரச் சொன்னது? பிடிக்காம ஏன் வர்றீங்க? என்னைப் பாத்தா பரிதாபமா இருக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வக்கீல் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சொல்லலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கொட்டாவிதான் கடைசியில் வாயைத் திறந்தான். முதலில் நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். பிறகு சொன்னான்:

"பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர் எனக்குப் பரிகாரமா கொடுத்தது ஒரே ஒரு வியாழக்கிழமைதாண்ணா, அது முடிஞ்சே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, குளிருது, சீக்கிரம் கதவைத் திறங்க."