ஆடி மாதத்தில் ஒரு வார விடுப்பு

வேலையே இல்லாத மாதத்தில் விடுப்புக்கு விண்ணப்பித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் புந்தோங் என்னும் எங்கள் ஊரில் என் அடுத்த வீட்டுக்காரர்.

கல்யாண விருந்துகளில் கித்தார் வாசிப்பவர். பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. ஊருக்கு அவர் கம்பி. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே கம்பிக்கு அந்த மாதம் முழுக்கச் சும்மாதான். அப்படிப்பட்ட ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலை, நான்காக மடித்த தாளுடன் என் வாசலில் நின்றார்.

“அண்ணே, ஒரு வாரம் லீவு வேணும். பாத்து பாஸ் பண்ணி வுடுங்க.”

“ஆடியில ஒனக்கு வேலையே கெடயாதேப்பா. எதுக்கு லீவு?”

“வேலை இல்லாம இருக்கிறது வேற, லீவு வேறலா. வேலை இல்லன்னா பத்மா கூரையில ஏறச் சொல்றா, பாசாருக்குப் போயி மீன் வாங்கச் சொல்றா. லீவுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பெரிய பெரிய கித்தார்காரங்க வாசிக்கிறத நெட்டுல ஒக்காந்து பாக்கப் போறேன்.”

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களைக் கையாண்டவன். இப்போது என்னிடம் மிஞ்சியிருக்கும் அதிகாரம் குடியிருப்போர் சங்கத்தின் ரப்பர் முத்திரை மட்டுமே. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த அலுவல்’ என்று திருத்தி, முத்திரை குத்தி, மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று அவர் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவுக்கு. அவர் மனைவி பத்மா அதைப் படித்துவிட்டு முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாராம். மை அழியவில்லை. கூரை ஒழுகலை அடைக்கத் தானே ஏணியில் ஏறினார்.

கம்பி விடுப்பை முறைப்படி அனுபவித்தார். குளித்து, திருநீறு பூசி, மேடைக்குப் போடும் மினுமினுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒவ்வொரு வாசிப்பும் முடிந்ததும் ஒற்றை ஆளின் கைதட்டல் கேட்கும். பிறகு “ஒன்ஸ் மோர்!” என்ற கூச்சல். கூச்சலிட்டவரே ரிமோட்டையும் அமுக்க, ஸ்பெயின் நாட்டுக் கிழவர் ஒருவர் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் ஒரே வாசிப்பைப் பதினோரு முறை வாசித்தார்.

புதன்கிழமை அந்தக் கிழவருக்கு மரியாதை செய்வதென்று முடிவாகி, செவ்வந்தி மாலை வாங்கி வந்து டிவிக்குச் சாத்தினார். சுவரைத் தாண்டி பத்மாவின் குரல் வந்தது.

“ஐயையோ, உசுரோட இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போடுறீங்களே! அவரு பொண்டாட்டி பாத்தா என்னா நெனப்பாங்க?”

வெள்ளிக்கிழமை கைதட்டல் நின்றுவிட்டது. மதியம் கம்பி வந்தார். மினுமினுப்புச் சட்டை இல்லை, வெறும் பனியன். கையில் இன்னொரு தாள்.

“ராஜினாமாண்ணே.”

“என்னாச்சு?”

“ஒரு பொண்ணுண்ணே. ஒத்த கித்தார்ல நாலு பேரு வாசிக்கிற மாதிரி வாசிக்குது. நான் இருவது வருஷமா மூணே மூணு கார்டு, அதாண்ணே கம்பியில விரல் வைக்கிற பிடி, அத வச்சிக்கிட்டு பிரியாணி திங்க வந்தவங்கள ஏமாத்தியிருக்கேன். போதும். கித்தார அலமாரி மேல போட்டுட்டேன். ஆவணியில தாப்பா ஊரு கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்.”

கண் சிவந்திருந்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது; நடைமுறைதான் தெரியும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

“இது செல்லாதுப்பா.”

“ஏண்ணே?”

“லீவுல இருக்கிறவன் ராஜினாமா குடுக்க முடியாது. திங்கக்கெழம மொதல்ல வேலைக்கு ரிப்போட் பண்ணணும். கித்தார எடுத்து ஒரு பாட்டு முழுசா வாசிக்கணும். அப்புறம்தான் கடிதத்தப் பாப்பேன்.”

“மூணு காப்பியா?”

“மூணு காப்பி.”

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி பணிக்குத் திரும்பினார். அதே மூன்று கார்டு. பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது இருபது வருடமாக வாசிக்கும் அதே பாட்டு. இரண்டாவது கார்டில் வழக்கம்போல ஒரு தடுமாற்றம். பாட்டு முடிந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

அப்போது அடுப்படியிலிருந்து பத்மா கத்தினார்: “ஒன்ஸ் மோர்!”

எத்தனை முறை வாசித்தார் என்று நான் எண்ணவில்லை. என் காப்பி இரண்டு தடவை ஆறிப்போனது.

ஆவணியில் மினுமினுப்புச் சட்டையோடு தாப்பாவுக்குப் போனார். ராஜினாமா மட்டும் மூன்று பிரதியும் என்னிடம் இருக்கிறது. நெட்டில் யாராவது பிரமாதமாக வாசித்துத் தொலைத்த நாட்களில், “அண்ணே, அந்தக் கடிதம் என்னாச்சு?” என்று கேட்பார். பரிசீலனையில் இருக்கிறது என்பேன்.

விடுப்பில் இருப்பவர் ராஜினாமா செய்யக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. முப்பத்து நான்கு வருடத்தில் எந்தக் காகிதத்தையும் ஒரு நாள்கூட நான் தாமதப்படுத்தியதில்லை. இது ஒன்றை மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மூன்று கார்டும் கேட்கிறவரை, முடித்துவைப்பதாக இல்லை.