தொக்கம் எடுப்பவரின் மௌன விரதம்

அலங்காநல்லூர்ச் சாலையில் விருமாண்டி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணம் ஒன்றுமில்லை. தொண்டையில் சோறு அடைக்கிறவர்கள் காளவாசலிலிருந்தும் வில்லாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து நிழலில் காத்திருந்தார்கள். விருமாண்டி தொக்கம் எடுப்பவர், அதாவது தொண்டையில் சிக்கிய தீனியை எடுப்பவர். தொண்டையில் குழலை வைத்து உறிஞ்சி இலையில் துப்புவார். பத்து வருஷத்துக்கு முன் தின்ற கறித்துண்டு வந்து விழும். கறி கெட்டுப்போகாமல் இருப்பதும் அவர் மகிமைதானாம்.

காசிமாயனுக்கு உயிர்ப்பயம். ஒரு வருஷமாக இட்லிகூட நெஞ்சில் நின்றுகொள்கிறது. போன வாரம் பரோட்டா அடைத்து எச்சில்கூட இறங்கவில்லை. டாக்டர் கேமராக் குழாயை விட்டு அதை எடுத்தார். உணவுக்குழலில் துளி சதை கிள்ளிச் சோதித்தார்.

"ரத்தத்துல இருக்க இயோசினோபில்ங்கிற வெள்ளை அணு உணவுக்குழல் சுவருல வந்து குவிஞ்சிருக்கு. நீங்க சாப்பிடுற ஏதோ ஒண்ணை எதிரின்னு நினைச்சு சண்டை போடுது. சுவரு வீங்கி வளையம் வளையமாத் தடிச்சிருக்கு. மருந்தை விட்டா இன்னும் சுருங்கிரும்."

இரண்டு நாள் மாத்திரை தின்றும் குணமாகவில்லை. மூன்றாம் நாள் பந்தலுக்கு வந்துவிட்டான்.

"உள்ள இப்ப ஒண்ணுமே அடைச்சிருக்கலன்னு டாக்டர் படத்தையே காட்டுனாரே" என்றாள் மனைவி தாமரைச்செல்வி.

"படத்துல தெரியாதது இவருக்குத் தெரியும். சும்மா இரு."

விருமாண்டி பூஜை அறையிலிருந்து குழலோடு வந்தார். அறையை விட்டு வந்தால் மௌன விரதம். இலையில் துப்பும்வரை வாய் திறக்கமாட்டார். தாமரைச்செல்வி பந்தலோரக் கடையில் பருத்திப்பால் வாங்கி நீட்டினாள்.

"இம்புட்டு வெயில்ல கஷ்டப்படுறீகளேண்ணே. ஒரு மடக்கு குடிச்சிட்டு ஆரம்பிங்க."

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"சாமி விரதம் தாயி!" என்றது கூட்டம்.

"பேசவா சொன்னேன்? குடிக்கத்தானே சொன்னேன்?"

அதுவும் நியாயம்தான் என்று கூட்டம் விருமாண்டியைப் பார்த்தது. வேறு வழியில்லை. குடித்தார். அடுத்த நொடி கண் பிதுங்கியது, தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தாமரைச்செல்வி அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். காசிமாயன் காலடியில் ஒரு கோழித்துண்டு வந்து விழுந்தது. மிளகுகூட உதிரவில்லை. குழல் இன்னும் யார் தொண்டையையும் தொடவில்லை.

காசிமாயனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வா தாமரை, டாக்டரப் பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்" என்றான்.

இனி எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் அவன் நினைத்தான். வரிசை எழுந்தது. எழுந்து தாமரைச்செல்விக்குப் பின்னால் போய் நின்றது.

"தாயி, அவருக்கே எடுத்துட்டியே! எனக்கும் முதுகுல ஒரு போடு போட்டு எடுத்து விடு" என்றார் முதல் ஆள்.

"ஒங்களுக்கு அடைப்பு தொண்டையில இல்லய்யா" என்றாள் அவள், தன் நெற்றியைத் தட்டிக்காட்டி. "அதை நீங்கதான் எடுத்துக்கிறணும்."