கலப்படமில்லாத வில்லுப்பாட்டு

"சாரே, இது வில்லுப்பாட்டு மாதிரி இல்ல. ஞாயித்துக்கிழம பாட்டு மாதிரி இருக்கு," என்றாள் ஏழாம் வகுப்பு ஷிபா.

வேதமாணிக்கத்துக்கே உள்ளூரத் தெரிந்ததுதான். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிகப் பாட்டு வாத்தியார் அவர். சர்ச்சில் ஹார்மோனியம் வாசித்துப் பழகிய கை, எதைத் தொட்டாலும் ஞானப்பாட்டாகிவிடும். மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார். அவர் தலையசைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சாலை பஜாரில் மச்சினன் கடையில் அரிசி நிறுக்கப் போகவேண்டியதுதான்.

"எந்த ஊர்ப் பாட்டையும் அங்க பாடுகிறபடியே படிப்பிக்கணும்னு சர்க்குலர் வந்திருக்கு. கலப்படம் கூடாது, கேட்டோ?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பிரிஸில்லா டீச்சர் எச்சரித்திருந்தார்.

மச்சினன் கடையில் மூட்டை தூக்கும் பேச்சிமுத்து, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லடிப்பவர். வேதமாணிக்கம் அவரைக் கையோடு அழைத்து வந்தார். வந்தவர் முதல் வேலையாக ஹார்மோனியத்தை வராந்தாவில் தூக்கி வைத்தார்.

"கற்பூரம் எங்க சார்?"

"பள்ளிக்கூடத்துல எதுக்கு கற்பூரம்?"

"உள்ளபடியே வேணும்னு சொன்னியள்லா?"

கற்பூரம் வந்தது. எலுமிச்சம்பழமும் திருநீறும் வந்தன. பெண் பிள்ளைகள் குலவை போடப் பழகினார்கள். அந்தச் சத்தத்தில் கணக்கு வாத்தியார் எங்கோ தீப்பிடித்ததென்று மணியடித்துப் பள்ளியையே மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்.

"கடைசியில வரத்துப் பாட்டு சார். அதுலதான் சாமி எறங்கும்."

"ஐயோ, அத மட்டும் வெட்டிரும்!"

"வெட்டுனா கலப்படம்லா?"

வேதமாணிக்கம் சரியென்று தலையாட்டினார். பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சாமி வரப்போகிறது?

மறுநாள் கைத்தறிப் புடவையும் தோல்பையுமாக ஓர் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றதும் வேதமாணிக்கம் ஓடிப்போய் மாலை போட்டார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எல்லாம் கேட்டப்புறம் சொன்னா போதும் மேடம்," என்று நாற்காலியில் உட்காரவைத்து, பேச்சிமுத்துவுக்குக் கை காட்டினார்.

வில் அதிர்ந்தது. குலவை எழுந்தது. வரத்துப் பாட்டின் இரண்டாவது அடியில் அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. மூன்றாவது அடியில் நாற்காலி சாய்ந்தது. தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடினார்.

"என்னடா வேணும் மகனே?"

சர்ச் கமிட்டி மெம்பர் வேதமாணிக்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! என் வேலைய நிரந்தரமாக்கணும்!"

"ஆக்கிட்டேன்! போ!"

நெற்றி நிறையத் திருநீறு விழுந்தது. வேதமாணிக்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருடக் கவலை! ஹார்மோனியத்தை நம்பி இத்தனை காலம் வீணாக்கிய தன் புத்தியை நினைத்துத் தரையில் கிடந்தபடியே சிரித்தார். இன்னொரு தடவையும் கும்பிட்டுக்கொண்டார்.

வாசலில் பிரிஸில்லா டீச்சரின் குரல் கேட்டது.

"எழும்பும் சாரே. அது நாலாம் கிளாஸ் தாணுவுக்க அம்ம, லீவு லெட்டர் தர வந்தது. இன்ஸ்பெக்டர் மேடம் இந்தா, என்கூட நின்னு முதல்ல இருந்தே பாத்துட்டு நிக்காங்க."