கீழ்க்கம்பத்தடியில் டோரீன்

கிர்க்‌ஷா, யார்க்‌ஷர்
ஞாயிற்றுக்கிழமை, மழை

அன்புத் தங்கை மாவிஸுக்கு,

அண்ணன் ஆர்னால்ட் எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால்தான் இல்லை. ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் லெஸ்ஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லெஸ் காதுக்குக் கருவி வாங்கிக்கொண்டதாக எழுதியிருந்தாய். இத்தனை காலம் நிம்மதியாக இருந்த மனிதர், இனி நீ பேசுவதையெல்லாம் கேட்டாக வேண்டுமே என்று எனக்கு வருத்தம்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மாவிஸ். என் டோரீன் இருக்கும் இடத்தைத் தோண்டப் போகிறார்கள். நம் அப்பா தொடங்கிய கிளப், நானும் டோரீனும் உயிரைக் கொடுத்து வளர்த்த கிளப், அவள் மேல் பொக்லைனை ஏற்றப் போகிறது. அடுத்த மாதம் கூட்டம். கமிட்டியில் பாதிப் பேர் தோண்டு என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். தலைவர் என்று பட்டம் கொடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கும் என் ஓட்டில்தான் இப்போது எல்லாம் நிற்கிறது. ராத்தூக்கம் போய்விட்டது.

நீ கப்பலேறி எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். சேப்பல் கிரிக்கெட் அணியிலிருந்து அப்பாவை நீக்கினார்களே, நினைவிருக்கிறதா? ரன்னெடுக்க ஓடி வந்தவனை இடுப்பைப் பிடித்துத் தரையில் சாய்த்ததற்காக. சாய்ந்தவன் பாதிரியாரின் மருமகன் என்பதால் மன்னிப்புக்கும் வழியில்லாமல் போயிற்று. அன்று சாயங்காலமே ‘கறுப்புக் காளை’ பாரில் சுரங்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அப்பா தொடங்கியதுதான் நம் ரக்பி லீக் கிளப். மாடியறையில் உடுப்பு மாற்றி, அரைக்கால் சட்டையோடு சாலையைக் கடந்து ஓடுவார்கள். பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, பயணிகளோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் கிளம்புவார். ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகளை விரட்ட வேண்டும், ஆட்டத்துக்குப் பின்னால் அவை விட்டுச் சென்றதைச் சட்டையிலிருந்து சுரண்ட வேண்டும். சுரங்கத்தில் கூரையைத் தாங்குகிற மரங்களைத்தான் முனைக்கு ஒரு ஜோடியாகக் கோல் கம்பமாக நட்டார்கள். மைதானத்தை அப்பா தன் காலடியால் அளந்ததில் அது விதியில் சொன்னதைவிட நீண்டுவிட்டது. யாராவது கேட்டால், “வர்றவனுக்கு மூச்சு வாங்கட்டும்யா” என்பார். முதல் வருடம் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தோம். அதுவும் எதிரணியின் பஸ் பனியில் சிக்கி வராமல் போனதால்.

மைதானத்தின் சரிவு உனக்கு மறந்திருக்காது. மேல்கம்பத்திலிருந்து பந்தைப் போட்டால் அது தானாகவே கீழ்க்கம்பத்துக்கு வந்து சேரும். அதனால் டாஸில் ஜெயித்தால் முதல் பாதியில் மேட்டில் ஏறுவது, இரண்டாம் பாதியில் எதிரணி களைத்துப் போயிருக்கும்போது சரிவில் இறங்குவது என்று அப்பா வைத்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. கிர்க்‌ஷாவின் முக்கால்வாசி ட்ரைகள் கீழ்க்கம்பத்தடியில்தான் விழுந்திருக்கின்றன; கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி நம் ஆட்கள் புள்ளி எடுத்த இடமெல்லாம் அதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கிளப்புக்கு உழைத்தவர் செத்துப் போனால், மைதானத்தில் அவர் கேட்ட இடத்தில் சாம்பலைப் போட வேண்டும். கேட்ட இடத்தை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்பா நடுக்கோட்டில் இருக்கிறார். ஓரத்தில் ஓடியவர்கள் எல்லோரும் ஓரக்கோட்டில் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது யாருக்கும் பந்தைக் கொடுக்காத ஹார்ஸ்ஃபால், யாருக்கும் இடைஞ்சலில்லாமல் வேலியோரம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

டோரீன் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை, ஆனால் அவள் இல்லாவிட்டால் கிளப்பே இல்லை. எல்லோருடைய சட்டையையும் அவள்தான் துவைத்தாள். எங்கள் கொல்லைத் துணிக்கொடியில் காயும் சட்டைகளின் கிழிசலைப் பார்த்தே தெருக்காரர்கள் ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளுக்கும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பையும் பட்டாணியும் அவள் கையால்தான். தோற்றுப்போன விருந்தாளிகளுக்கு இரண்டு கரண்டி பட்டாணி. ஜெயித்துவிட்ட விருந்தாளிகளுக்கு ஆறிப்போன பை. கடைசி நாட்களில் மகள் ஜேனட்டையும் மாப்பிள்ளை டெரிக்கையும் பக்கத்தில் கூப்பிட்டு, “என்னைய சர்ச்சுப் பக்கம் கொண்டுபோய்க் கிடத்திடாதீங்க. ரெண்டாம் பாதியில நம்ம பசங்க எந்தக் கம்பத்தப் பாத்து ஓடுறாங்களோ, அதுக்கடியில போட்டுருங்க. ட்ரை அடிக்கும்போது நான் கிட்ட இருக்கணும்” என்றாள். அவள் போனபோது நான் நிமோனியாவில் படுத்துக்கிடந்தேன், ஜேனட் என்னைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கடைசிக் காரியத்தை டெரிக்தான் செய்தார். தெற்கத்திக்காரர், நம் லீக்கை அறியாமல் அந்த இன்னொரு ரக்பியான யூனியன் ஆடி வளர்ந்தவர். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எழுந்து நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஃப்ளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கீழ்க்கம்பத்தடிக்குப் போகிறேன். இடது கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு அவளிடம் பேசுவேன். வீட்டில் பேச ஆளில்லை மாவிஸ், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? படுக்கையில் அவள் படுத்த பக்கத்தில் இன்னமும் நான் படுப்பதில்லை. அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கேயும் என்னை நிம்மதியாக விட்டார்களா? வால்டர் சௌடனை உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் டோரீனை நடன அரங்குக்குக் கூட்டிப்போனவன். எங்கள் கல்யாணத்தன்று வாழ்த்துகிறேன் என்று தேவைக்கு மேல் நீளமாக முத்தம் கொடுத்தவன். வருஷா வருஷம் கிளப் விருந்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிடுவான். அவள் போன பிறகு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவனும் போனான். என்ன கேட்டுவிட்டுப் போனான் தெரியுமா? கீழ்க்கம்பம், வலது பக்கம்! வழக்கத்தை மறுக்க முடியாது. தலைவர் என்ற முறையில் நானே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், “அந்தப் பக்கம் திரும்பாதே டோரீன், நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்” என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

இப்போது கிளப் வளர்ந்துவிட்டது. ஆள் சேராமல், வேடிக்கை பார்க்க வந்தவனைச் சட்டை மாட்டி இறக்கிய காலம் போய், குழந்தைகளுக்கு அணி, பெண்களுக்கு அணி, ஓட முடியாத கிழவர்களுக்கு நடந்தே ஆடுகிற அணி என்று சனி ஞாயிறு இரண்டு நாளும் மைதானம் காலியாக இருப்பதில்லை. பெண்கள் அணி போன வருடம் கோப்பையே வாங்கிவிட்டது. அவர்களுக்கு உடுப்பு மாற்ற அறை வேண்டும். சாலையும் சாக்கடைக் குழாயும் கீழ்ப்பக்கம்தான் இருக்கின்றன என்பதால், கீழ்க்கம்பத்தைப் பிடுங்கிக் கொஞ்சம் மேலே நட்டுவிட்டு, அந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டப் போகிறார்களாம். அப்பா அதிகமாக அளந்த நீளம் இதற்குத்தான் உதவப்போகிறது.

பெண்கள் அணியை நடத்துகிற ஷாரன் லம் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டாள். “பொண்ணுங்க வேன்ல உடுப்பு மாத்துதுங்க பெரிய்யா. போன சனிக்கிழமை கதவு தானா திறந்துக்கிச்சு. பாதிரியார் அந்தப் பக்கமாப் போயிட்டிருந்தாரு.”

“அய்யய்யோ, அப்புறம்?”

“நல்ல மனுசன், கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. மூடிக்கிட்டே நடந்து விளக்குக் கம்பத்துல முட்டிக்கிட்டாரு. நெத்தியில மூணு தையல்.”

“அதுக்காக என் பெண்டாட்டிய மண்வெட்டியில அள்ளுவியா?”

“டோரீனக்கா இருந்திருந்தா முதல் மண்வெட்டிய அவங்களே எடுத்திருப்பாங்க. உங்களுக்கே தெரியும் பெரிய்யா.”

எனக்குத் தெரியும், மாவிஸ். அதுதான் கொடுமை. மழையில் அந்தப் பெண்கள் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு வேனுக்கு ஓடுவதை நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அவள் இருக்கும் இடத்தின் மேல் சிமெண்ட்டைக் கொட்டிவிட்டால் சனிக்கிழமை காலையில் நான் எங்கே போவேன்? பெண்கள் உடுப்பு மாற்றும் அறையின் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு கிழவன் தனியாகப் பேசினால் போலீஸைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அங்கேதான் இடம் கேட்டிருக்கிறேன்: இரண்டு கம்பத்துக்கும் நடுவில், அவளுக்கும் வால்டருக்கும் இடையில். இந்த வயதில் எனக்கென்று இருக்கும் ஆசை அது ஒன்றுதான்.

ஆகவே என் ஓட்டு ‘முடியாது’ என்பதே. கிளப்பே இரண்டாகப் பிளந்தாலும் இதில் மாற்றமில்லை. கிளப்பைத் தொடங்கியவரின் மகள் என்ற முறையில் நீயும் கமிட்டிக்கு நாலு வரி எழுது. கடுமையாக எழுது, அதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவேளை என் மனம் இளகிவிட்டதாகக் கேள்விப்பட்டால் போனில் கூப்பிட்டு என்னைத் திட்டு.

உன் பேரப்பிள்ளைகள் உடம்பில் எலும்பு முறியாமல் ஆடி, நிறைய ட்ரை அடித்து, பல்லெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க ஆண்டவன் அருளட்டும். லெஸ்ஸுக்கு என் அன்பு. இதைச் சத்தமாகவே படித்துக் காட்டு.

என்றும் உன் அண்ணன்,
ஆர்னால்ட் ஹார்டிஸ்டி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜேனட்டும் டெரிக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஊர்ப்பக்கம் வருவதே அபூர்வம். மைதானத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“மாமா, கீழ்க்கம்பம்னு ஏன் எழுதியிருக்கீங்க? அத்தை அங்க இல்லையே.”

“பின்ன எங்க?”

“மேல்கம்பத்துல. ரெண்டாம் பாதியில நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் ஓடுறாங்களோ அங்கன்னுதானே சொன்னாங்க? மழையில நின்னு ஆட்டம் முழுக்கப் பாத்தேன் மாமா. ரெண்டாம் பாதியில மேட்டுப் பக்கம்தான் ஓடினாங்க. எல்லாரும் பை சாப்பிட உள்ள போனதும் அங்க போட்டுட்டு, தொப்பியக் கழட்டி நின்னுட்டு வந்தேன்.”

“அன்னிக்கு டாஸ்ல தோத்துட்டோம் மாப்ளே!”

“அது எனக்கு எப்படி மாமா தெரியும்?”

தெரியாதுதான். கிர்க்‌ஷாவில் பிறந்த ஆட்டுக்குக்கூடத் தெரியும், யூனியன்காரருக்குத் தெரியாது. கோபமாக வந்தது, அழுகையும் வந்தது, ஜேனட் எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் மேட்டில் ஏறி வரும் விருந்தாளிகள் எல்லாம் மேல்கம்பத்துக்குக் கிட்டே வந்ததும் பந்தை நழுவவிடுவது பல வருடங்களாக எங்கள் யாருக்கும் புரியாத அதிசயம். இப்போது புரிகிறது. மேல்பக்கத்தை யாரும் தோண்டவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, கமிட்டிக்கு எதுவும் எழுதாதே. ஷாரனுக்குப் போன் செய்து என் ஓட்டு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டேன். முதல் மண்வெட்டியும் நான்தான் போடப்போகிறேன்.

அப்படியென்றால் இத்தனை சனிக்கிழமைகளில் நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது வால்டர் ஒருவன்தான். வீடு காலியாக இருப்பதை, படுக்கையைப் பற்றி, அவனைப் பற்றி நான் சொன்னதை, எல்லாவற்றையும். பாவம், நெடுநாள் பொறுமையாகக் கேட்டிருக்கிறான். கிளப் வழக்கப்படி அவனுக்கு வேறு இடம் கொடுத்தாக வேண்டும். அவனிருக்கும் மண்ணை ஒரு தள்ளுவண்டியில் அள்ளி எங்கே போடுவது என்று ஷாரன் கேட்டாள். நல்ல இடமாக, காற்றோட்டமாக, அவன் விருப்பப்பட்டிருக்கக்கூடிய எந்த இடத்தில் வேண்டுமானாலும் போடு, மேல்கம்பத்துப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.