தாய்மாமன் மடியும் ஐந்நூறு கலோரியும்

2019 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து எடை பார்த்தேன். சமையலறைத் தராசில் பப்பாளியை நிறுத்து, கூடுதலாக இருந்த ஒரு துண்டை மறுபடி டப்பாவில் வைத்தேன். சீனி போடாத தேநீர் குடித்தேன். வேட்டி கட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்துபோய்க் கிள்ளானுக்குப் போகும் ரயிலைப் பிடித்தேன். அன்று என் தங்கை சுமதியின் மகள் ஜனனிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும்.

சிக்கலே மடிதான். அதற்கு ஒரு மாதம் முன்பு, சுமதியின் கணவர் ரவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மச்சான், தொப்பையே பாதி இடத்த எடுத்துக்கிச்சு. பிள்ளைய எங்க வைக்கிறது? உங்க சித்தப்பா மகன் குமார் ஒல்லியா இருக்கான். அவன உட்கார வச்சிரலாம் லா.”

குமார்! (என் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தந்தவன்.) அன்றே முடிவெடுத்தேன்.

கைப்பேசிச் செயலி, நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்றது. அப்படியென்றால் ஐந்நூறில் மூன்று மடங்கு வேகமாக இளைக்கலாம். (வகுத்தல் சரி. வகுத்தவன்தான் சரியில்லை.) செயலி சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. எச்சரிக்கையை அணைத்துவிட்டேன்.

ஒரே மாதத்தில் மடி கிடைத்துவிட்டது. கோயில் மண்டபத்தில் ஜனனி அதில் வசதியாக உட்கார்ந்தாள். நான் ரவியைப் பெருமையோடு பார்த்தேன். ஆசாரி இடது காதைக் குத்தினார், பிள்ளை வீறிட்டாள். வலது காதுக்காக அவள் தலையைத் திருப்பினேன். மண்டபமும் சேர்ந்து திரும்பியது.

“பிள்ளையப் புடிங்க!” என்று சுமதி கத்தினாள். ரவி பிள்ளையைப் பிடித்தார். என்னை யாரும் பிடிக்கவில்லை.

கண் விழித்தபோது, விருந்தாளியாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் என் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நேத்து எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“நானூத்தித் தொண்ணூத்தெட்டு கலோரி.”

“ஆம்பளைங்க ஆயிரத்து ஐநூறுக்குக் கீழ போறதுன்னாலே டாக்டர கேக்கணும். எண்ணூறுக்கும் கீழன்னா, டாக்டர் கூடவே இருந்து கவனிக்கணும். உங்கள யார் கவனிச்சா?”

“நானே... தராசுல.”

“கொழுப்பு மட்டுமா கரையும்? சதையும் போயிரும் அங்கிள்.” யாரோ சீனி போட்டுக் கலக்கி நீட்டிய மைலோவை என் வாயருகே கொண்டுவந்தார்.

சுமதி முதலில் அழுதாள். பிறகு திட்டினாள். “ஏண்ணே, தொப்பையோட வந்திருந்தா தொப்பை மேலயே உட்கார வச்சிருப்பேன்ல!”

“அக்கா, நான் வேணா உட்காரவா?” என்றான் குமார்.

“நீ சும்மா இருடா. ஒரு காது அண்ணன் மடியில, இன்னொண்ணு உன் மடியிலயா?”

மறுநாள் சுமதி வீட்டுக்கே வர ஆசாரி சம்மதித்தார். அதுவரை என்னை என் வீட்டுக்கு அனுப்பச் சுமதி சம்மதிக்கவில்லை.

ஜனனி இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய வலது காதுக்கு எங்கள் குடும்பத்தில் ‘இட்லிக் காது’ என்று பெயர். யாராவது காரணம் கேட்டால், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்குகிறாள்.

காரணம் இதுதான். மறுநாள் காலை, ஆசாரி ஊசியோடு காத்திருக்க, வீடே சுற்றி நின்று பார்க்க, முதல் வேலையாக நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். நிறுக்கவில்லை.