கால்வாயைப் பார்த்து வைத்த ஃபேன்

துக்க வீட்டில் மூத்த மகன் சும்மா உட்கார்ந்து அழுதால் போதும். வேறு வேலை எதையும் யாரும் அவனிடம் எதிர்பார்ப்பதில்லை. எனக்கு அது தெரியவில்லை.

புதுவாயல் வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். தங்கச்சி ஸ்டெல்லா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அது வர்ற வரைக்கும் ஊடு நெறைய ஆளு இருக்கணும்டா. வெறிச்சோடிக் கெடந்தா புள்ள தாங்காது."

பந்தலில் சபைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் எதிர்க் கால்வாயிலிருந்து ஒன்றிரண்டு கொசு வந்தது. கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் விடுவேனா? ஷெட்டில் ஓடும் ராட்சத ஃபேனைக் கேட்டு வாங்கி வந்து, பந்தல் வாசலில் கால்வாயைப் பார்த்து வைத்தேன்.

"ஆளுங்க பக்கம் திருப்புடா" என்றார் சித்தப்பா.

"மெழுகுவத்தி அணைஞ்சிடும் சித்தப்பா. வர்ற கொசுவ அப்டியே ஊதித் தள்ளிரும், பாத்துக்கினே இருங்க."

காற்றில் மிதந்து வரும் நம் மூச்சையும் வேர்வை வாசனையையும் பிடித்துக்கொண்டுதான் கொசு தூரத்திலிருந்து ஆளைத் தேடி வருமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேர் வாசனையையும் வாரிக் கால்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். (பத்திரிகை வைத்து அழைத்திருந்தாலும் அவ்வளவு கூட்டம் வந்திருக்காது.) ஃபேனுக்கு எதிரே வர முடியாத கொசுக்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, காற்றே படாத எங்கள் மேல் உட்கார்ந்தன.

படார் படாரென்று சத்தம் கேட்டது. கைதட்டிப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன். பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கினார். "ஒரே பேஜாரா கீதுப்பா, காலைல வர்றோம்" என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். சித்தப்பாவும் போய்விட்டார்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா மெல்லச் சொன்னாள். "எத்தினி பேரு இருந்தாலும் அவரத்தான் மொதல்ல புடுங்கும். இன்னிக்கு ஒண்ணு கூட கிட்ட வரல பாரு."

பார்த்தேன். என் கையெல்லாம் தடிப்பு. அப்பாவின் கையில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், பந்தல் என்று காலையிலிருந்து ஓடியதில் வராத அழுகை அப்போது வந்தது.

ஸ்டெல்லா வந்தபோது காலி நாற்காலிகளும் ஃபேனும் இருந்தன. அழுது வீங்கியதா, கடித்து வீங்கியதா என்று தெரியாத இரண்டு முகங்கள் இருந்தன. "இன்னாண்ணா, அப்பாவுக்கு யாருமே வரலியா?" என்று கேட்டபடி வாசலிலேயே சரிந்தாள்.

இன்று எந்த விசேஷத்திலும் முதல் பேச்சு, "அண்ணன் கைல சுவிட்சு குடுக்காதீங்க" என்பதுதான். சொல்பவள் ஸ்டெல்லாவேதான். எல்லோரும் சிரிப்போம், அம்மாவும் சிரிப்பாள். ஆனால் நான் கொசுவத்தி ஏற்றி வைத்தால் அம்மா அணைத்துவிடுகிறாள்.

"கடிச்சிட்டுப் போவட்டும்டா. மூச்சு இருக்கிறவங்களத் தேடித்தானே வருது."