மூன்றாவதாகக் கேட்டது

அன்று காலை ஒரு முடிவோடுதான் எழுந்தேன். ஜன்னலோரத்தைப் பிடித்தே தீருவது!

நான் வார இதழ்களுக்குக் கதை எழுதுகிறவன். ஆனால் என் மேஜை கிடப்பதோ சாமான் அறையில். தலைக்கு மேலே பழைய பெட்டிகள், காலடியில் உடைந்த ஃபேன். அந்தப் புழுக்கத்தில் என் கதாநாயகிகூடக் காதலிக்க மறுக்கிறாள். வீட்டிலேயே காற்று வருகிற ஒரே இடம் கூடத்து ஜன்னல். அங்கே என் மனைவியின் தையல் மிஷின் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

நேரே கேட்டால் நடக்காது. கதைக்காரன் வழியில் போனேன். எங்கள் தொழிலில் எல்லாமே மூன்று. ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள், பூதம் தருவது மூன்று வரம். முதல் இரண்டும் ஒப்புக்கு, மூன்றாவதில்தான் விஷயம். ஆகவே அவள் கட்டாயம் மறுக்கும்படி இரண்டைக் கேட்பது. இரண்டு தடவை 'மாட்டேன்' சொன்னவளுக்கு மூன்றாவது தடவை மனசு இளகாதா?

மிஷினில் ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க அம்மாவை நம்மகூடவே வந்து இருக்கச் சொல்லேன்."

தாயும் மகளும் கால் மணி நேரம் சேர்ந்திருந்தால் வீடு ரெண்டுபடும். எனக்கு அதுதானே தைரியம்!

"அட, சரிங்க! அவங்களும் ஒரு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

தூக்கிவாரிப் போட்டது. போகட்டும், இன்னொன்று கைவசம் இருக்கிறதே. வெந்நீர் வைத்தே பாத்திரத்தைக் கருக்கியவன் நான். அன்றிலிருந்து சமையல்கட்டுப் பக்கம் தலை காட்ட விடமாட்டாள்.

"இனிமே சமையலையும் நானே பார்த்துக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம். எப்போ இருந்து?"

"நா... நாளையில இருந்து."

"இன்னிக்கே ஆரம்பிங்களேன். சரி, மூணாவது என்ன?"

"மூணாவதா? அப்படி ஒண்ணு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"உங்க கதையெல்லாம் யாரு டைப் அடிக்கறா? பதினாறு வருஷமா பார்க்கறேன். முதல் ரெண்டும் சும்மா பாவ்லா, மூணாவதுலதான் குட்டு. மென்னு முழுங்காம சொல்லுங்க."

மிஷின் பக்கம் மெல்ல விரலை நீட்டினேன்.

"அந்த ஜன்னலோரம்..."

"அது நடக்காது" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடியே. "ஆனா உங்க மேஜையை எடுக்கத்தான் வேணும். அம்மாவுக்கு ஒரு ரூம் வேணாமா? சாமான் ரூமைத்தான் ஒழிச்சுக் கொடுக்கணும்."

"ஐயையோ! அப்ப நான் எங்கே உட்கார்ந்து எழுதறது?"

"உட்காருவானேன்? அடுப்புப் பக்கத்துல மேடை இருக்குல்ல. பால் பொங்காம பார்த்துக்கிட்டே நின்னு எழுதுங்க."